போர்த்துக்கலில் நாங்கள் சாப்பிடாதவை

லிஸ்பனில் முதல்நாள் காலை, ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பேக்கரியில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் நானும் என் கணவரும். எதிர்ப்பக்கம், எங்கள் மகள் கல்யாணம் செய்ய விரும்பும் பையனின் அம்மாவும் அப்பாவும். நடுவில் ஒரு தட்டு. அதில் அந்த நாட்டின் பெயர்போன கஸ்டர்ட் டார்ட் நான்கு. அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தவை. மேலே கறுப்புப் புள்ளிகளோடு இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

பையனின் அம்மா, பரிமாறிய பெண்ணை நிறுத்தி, இதில் முட்டை இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாலில் பால் இருக்கிறதா என்று கேட்டதுபோல அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். பிறகு பெருமையோடு, முழுக்க மஞ்சள்கருதான் என்றாள்.

நான்கு கைகளும் தட்டிலிருந்து விலகின. என் கணவரின் கை கடைசியாக விலகியது.

"பரவால்லீங்க, காப்பி நல்லாருக்கு" என்றார் பையனின் அப்பா.

"ஓம், கோப்பி திறம்" என்றார் என் கணவர், செத்தவீட்டில் கதைக்கிற குரலில். நியூசிலாந்தில், எங்கள் பாபகூரா வீட்டில், ஒவ்வொரு ஞாயிறும் மூன்று முட்டையில் ஒம்லெட் போட்டுச் சாப்பிடுகிற மனிதர் அவர்.

எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்கியது. எங்கள் வீட்டில் வெள்ளி மட்டும் சைவம். அது யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த வழக்கம். யாரும் காரணம் கேட்டதில்லை. மற்ற ஆறு நாளும் மீனோ இறைச்சியோ இல்லாமல் சோறு இறங்காது. பையனின் பெற்றோர், ஒக்லாண்டிலேயே இன்னொரு பகுதியான பிளாட் புஷ்ஷிலிருந்து முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்தபோது, நல்ல காரியம் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்தார்கள். அவர்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள். நான் ஒன்பது மரக்கறி சமைத்தேன். அவர்கள் பயபக்தியோடு சாப்பிட்டார்கள். அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை, எங்களை விருந்துக்கு அழைத்தார்கள். அங்கே மேசையில் மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டும் இல்லை. சாம்பாரில்கூட வெங்காயம் இல்லாததை நான் இரண்டு தரம் கரண்டி விட்டு உறுதிசெய்தேன்.

வீடு திரும்பும்போது என் கணவர் நெடுஞ்சாலையில் வைத்துச் சொன்னார்: "சரியான ஆசாரமான ஆக்களப்பா. நாங்கள் மச்சம் தின்னுறது தெரிஞ்சால் துலைஞ்சுது."

அன்றிரவே மகளிடம் கேட்டேன், அந்தக் குடும்பம் மச்சம், மீன் இறைச்சி ஏதும், சாப்பிடுமா என்று. அவன் எல்லாம் சாப்பிடுவான் என்று ஆங்கிலத்தில், போனிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். நான் கேட்டது குடும்பத்தைப் பற்றி; அவள் சொன்னது பையனைப் பற்றி. கொழும்பில் பதினோரு வருடம் பத்திரிகையில் வேலை செய்தவள் நான். அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பயணம் பிள்ளைகளின் யோசனை. நீங்கள் நான்கு பேரும் பழக வேண்டும், எங்காவது போங்கள் என்று அவர்களே டிக்கெட் போட்டார்கள். ஆனால் கல்யாணத் தேதி மட்டும் நகரவில்லை. நான் இரண்டு முறை பேச்செடுத்தேன். இரண்டு முறையும் பையனின் அம்மா, "போயிட்டு வந்து பாத்துக்கலாமே" என்று சிரித்துத் தட்டிக்கழித்தார். எங்களில் என்ன குறை கண்டாரோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒக்லாண்ட் விமான நிலையத்தில் மகள் என் இரண்டு கையையும் பிடித்தாள். "அம்மா, எனக்கு அவர்தான் வேணும். ஏதும் செய்து கெடுத்துப் போடாதேங்கோ." வீட்டில் எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள். விஷயம் எவ்வளவு பெரிது என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஆகவே போர்த்துக்கலில் நாங்கள் தவம் இருந்தோம். பையனின் அப்பா ஐ.டி. வேலைக்காரர், பயணத்தை அரைமணி நேரத் துண்டுகளாக எக்செல்லில் போட்டு வைத்திருந்தார். அதில் சாப்பாட்டுக்கான கட்டங்களில் எல்லாம் 'வெஜ்' என்று பச்சை நிறம். லிஸ்பனில் மஞ்சள் டிராம் மலையேறும் ஒவ்வொரு வளைவிலும் யாரோ சாளை மீன் சுட்டார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் நால்வரின் முகத்திலும் அடித்தது. நாங்கள் நால்வரும் ஓடு பதித்த சுவர்களைப் பற்றிப் பேசினோம். நீலமும் வெள்ளையுமான அந்த ஓடுகளைப் பற்றி அந்த நாட்டுக்காரர்கள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

ஒரு சந்தில் 'தபர்னா' என்று எழுதிய பலகையை என் கணவர் வாய்விட்டு வாசித்தார். "இது எங்கட தவறணையல்லோ!" பையனின் அப்பா ஆர்வமாகத் திரும்பினார். "அப்படின்னா என்னங்க சார்?"

"எங்கட ஊரில கள்ளு விக்கிற இடம், சேர்." என் பார்வை பட்டதும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "கேள்விப்பட்டிருக்கிறன்."

கோயிம்பிராவில் பல்கலைக்கழகத்தின் பழைய நூலகத்தைப் பார்த்தோம். தங்கப்பூச்சுப் பூசிய அலுமாரிகள், கூரை வரைக்கும் புத்தகம். இரவில் வௌவால்கள் வந்து, புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்றுவிடும் என்றார் வழிகாட்டி. அதனால் மாலையில் மேசைகளைத் தோல்விரிப்பால் மூடிவைப்பார்களாம். என் கணவர் காதோடு சொன்னார்: "வௌவால்கூட இஞ்ச மச்சம் தின்னுதப்பா." எனக்குச் சிரிப்பு வெடித்தது. வழிகாட்டி என்னை முறைத்தார். பையனின் அம்மா என்ன என்ன என்று கேட்டார். வௌவாலை நினைத்தேன் என்றேன்.

நசரே என்ற கடற்கரை ஊரில்தான் முதல் தடயம் கிடைத்தது. அங்கே மணலில் நீளமான கம்பிவலைத் தட்டிகளை நிறுத்தி, பிளந்த மீன்களை வெயிலில் காயவைக்கிறார்கள். அடுக்குப் பாவாடை கட்டிய வயதான பெண்கள் அருகில் ஸ்டூல் போட்டு விற்கிறார்கள். மணம் நூறு மீட்டர் தொலைவிலேயே வந்துவிட்டது. பருத்தித்துறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டக்கூடிய மணம். ஆண்கள் இருவரும் எங்களுக்குப் பின்னால் மிக மெதுவாக நடந்தார்கள்.

"பாவம், எவ்ளோ மீன்" என்றார் பையனின் அம்மா. சொல்லிக்கொண்டே ஒரு மீனைக் கையில் எடுத்தார். முதுகெலும்போடு ஒட்டிய தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். தலையை ஒரு இம்மி ஆட்டினார். பிறகு, நான் பார்ப்பது தெரிந்து, மீனைத் தட்டியில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்தார்.

எல்லாம் நான்கு விநாடி. ஆனால் கருவாட்டில் உப்பு ஏறியிருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற கை அது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் மீனை வாலில் இரண்டு விரலால் தூக்குவார். அல்லது தூக்கவே மாட்டார்.

அறைக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்தபடி சீஸ் பாண் தின்றுகொண்டிருந்தார், ஐந்தாவது நாளாக.

"உமக்கு விசர். நீர் பேப்பரில இருந்தனீர், எல்லாத்திலயும் செய்தி பாக்கிறீர்."

"நான் கண்ணால கண்டனான்."

"அப்ப போய்க் கேளும். 'நீங்கள் கருவாடு தின்னுறனீங்களோ' எண்டு கேளும். பிள்ளையின்ர கலியாணம் அதோட சரி."

அவர் சொன்னது நியாயம். ஒரே ஒரு சான்றை வைத்துக்கொண்டு செய்தி போடக்கூடாது என்றுதான் எனக்கும் பழக்கியிருந்தார்கள். பத்திரிகையில் பிழைவிட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். வெங்காயம் தொடாத ஒரு குடும்பத்தைப் பார்த்து இதைக் கேட்டு, அது பிழையாகப் போனால், எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவது? வாயை மூடிக்கொண்டேன்.

போர்த்தோவிலிருந்து ரயில் தூரு ஆற்றின் விளிம்போடு போனது. இரண்டு பக்கமும் மலைகளைப் படிபடியாக வெட்டித் திராட்சை நட்டிருந்தார்கள். செப்டம்பர், அறுவடைக் காலம். நாங்கள் தங்கிய தோட்டவீட்டில் ஒவ்வொரு வேளையும் எங்கள் முன்னால் வைன் குப்பியைத் திறந்தார்கள். ஒவ்வொரு வேளையும் நால்வரும் வேண்டாம் என்று கையசைத்தோம். வைன் தோட்டத்துக்குக் காசு கட்டி வந்து தண்ணீர் குடிப்பவர்களை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. பொறுப்பாளர் பெண்மணிக்கு எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. குடிக்காவிட்டால் பரவாயில்லை, வைனுக்குத் திராட்சை மிதிக்கவாவது வாருங்கள் என்றார்.

பின்னேரம் நான்கு மணிக்கு எங்களுக்கு நான்கு நீலக் காற்சட்டைகள் தந்தார்கள், முழங்காலுக்கு மேலே. சம்பந்தம் பேசப்போகும் இரண்டு அம்மாக்கள், அறுபதை எட்டிப்பிடிக்கப்போகிறவர்கள், அரைக் காற்சட்டையோடு ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் துப்பட்டாவை இடுப்பில் சுற்றினார். நான் துவாயைச் சுற்றினேன். இரண்டும் படிக்கட்டிலேயே கழன்றுவிட்டன.

கருங்கல் தொட்டி, தொடையளவு ஆழம், முழுக்கத் திராட்சை. விளிம்பில் நின்று காலைத் தூக்கினேன், வைக்க முடியவில்லை. சாப்பிடுகிற பொருளில் கால் படுவதா? குனிந்து பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால், பையனின் அம்மாவும் அதையே செய்துகொண்டிருந்தார். உள்ளே இறங்கினோம். குளிர். பழங்கள் விரலிடுக்குகளில் வெடித்தன. அவர் "ஐயோ ஐயோ ஐயோ" என்றார். நான் கத்தினேன். என் கணவர் வழுக்கி, பையனின் அப்பாவின் கழுத்தைப் பிடித்துத் தொங்கினார்.

தோட்டத்து ஆட்கள் ஆறு பேரும் நாங்களும் ஒரே வரிசை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, மேற்பார்வைக்காரர் இடம், வலம் என்று சொல்லச் சொல்ல மிதிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரு கிறுகிறுப்பு வந்தது, காரணமில்லாமல் சிரித்தோம். அப்போது பையனின் அம்மா என் தோளை இறுக்கினார்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. என்ன கேட்கப்போகிறார்? சாதகப் பொருத்தமா? வயதா? நாங்கள் அகதிகளாக வந்ததா?

"கேளுங்கோ."

"நீங்க நெசமாவே கவிச்சி தொட மாட்டீங்களா?"

இடம், வலம். இடம், வலம். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று முகத்தில் தேடினேன், தெரியவில்லை. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்த மகளின் கை நினைவில் வந்தது. அவளுக்காகப் பொய் சொல்லலாம். ஆனால் அந்தப் பொய்யோடு அவள்தான் வாழ வேண்டியிருக்கும்.

"வெள்ளிக்கிழமையில மட்டும்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். கைகள் கோத்திருந்ததால் பத்துப் பேரும் நின்றோம். மேற்பார்வைக்காரர் ஏதோ கத்தினார்.

"வெள்ளிக்கிழமையில மட்டும்னா?"

"வெள்ளி மட்டும்தான் சைவம். மற்ற நாள் மீன், றால், நண்டு, கணவாய், ஆடு, கோழி." குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்தேன்.

"அடிப்பாவி!" என்றார் அவர். பிறகு பதறி வாயைப் பொத்தினார், கன்னமெல்லாம் ஊதா. "ஐயோ, மன்னிச்சுக்குங்க. ஆறு மாசமா நாங்க உங்களுக்குப் பயந்து செத்துக்கிட்டு இருக்கோம்! அன்னிக்கு ஒம்பது காய் வச்சீங்களே, பாத்து ஆடிப்போயிட்டோம்!"

"அப்ப உங்கட வீட்டில வெங்காயம்கூட..."

"வெங்காயம் இல்லாம நான் சமைச்சது வாழ்க்கைல அன்னிக்கு ஒரு நாள்தான்! யூடியூப் பாத்து சமைச்சேன். பொங்கலுக்கு மறுநாள் எங்க வீட்ல ரெண்டு கெடா வெட்டுவோம் சம்பந்தி!"

ஆண்கள் இருவரும் தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றார்கள். என் கணவர்தான் முதலில் வாய்திறந்தார். "சேர், அப்ப இந்த வைன்?"

"நாலு வேளையா கண்ணு முன்னாடி ஊத்தறாங்க சார்" என்றார் பையனின் அப்பா. குரல் தழுதழுத்தது. "நாலு வேளையா!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பையனின் அப்பா உட்கார்ந்தே விட்டார், திராட்சைக்குள், இடுப்பளவு. தூக்கப் போன என் கணவரும் விழுந்தார். தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். பழத்தின் ஆவியே எங்களுக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே குழாயில் கால் கழுவும்போது சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "தேதிய நான் ஏன் இழுத்தேன்னு நெனச்சீங்க? உண்மையச் சொல்லிட்டு வைக்கணும்னுதான். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு, ஏமாத்திட்டாங்கன்னு நீங்க சொல்லிடக்கூடாதுல்ல. ஆனா சொல்ல வாய் வரல. உங்க பொண்ண எனக்கு அவ்ளோ புடிச்சுப்போச்சு."

எங்களில் குறை காண்கிறார் என்று ஆறு மாதம் நான் எழுதிவைத்திருந்த செய்தி முழுவதும் பிழை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்தப் பிழையையும் ஒப்புக்கொண்டதில்லை.

கால் கழுவியும் ஊதா போகவில்லை. அந்தக் காலோடேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பையனின் அப்பா போனில் பஞ்சாங்கம் பார்த்தார். தை மாதத்து ஞாயிறு ஒன்று நால்வருக்கும் பிடித்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்குட்டி இறைச்சியும் உப்புமீனும் வந்தன. பொறுப்பாளர் பெண்மணி மூன்றாவது குப்பியைத் திறந்தபோது, நேற்றைய விருந்தினர்கள் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் காலை எட்டு மணி. ஒக்லாண்டில் மாலை ஏழு. மகளை வீடியோவில் அழைத்தோம். ஒரே திரைக்குள் நான்கு தலைகளை நெருக்கிக்கொண்டு தேதியைச் சொன்னோம். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்தது. "உண்மையாவோ? உண்மையாவோ அம்மா?" என்று மறுபடியும் தமிழில் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் எங்கள் பாபகூரா அடுப்படி. அடுப்பருகே யாரோ சட்டென்று திரைக்கு வெளியே நகர்ந்தார்கள். ஒரு முழங்கை மட்டும் மிஞ்சியது. தாச்சியில் ஏதோ சீறிக்கொண்டிருந்தது. புகை மேலே போனது. பெரியவர்கள் யாருமில்லாத வீட்டில் மாப்பிள்ளை நிற்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் சம்பந்தி போனைப் பிடுங்கினார்.

"டேய், ஒளியாத! முழங்கை தெரியுது. அந்த மீனு கருகுது பாரு, திருப்பிப் போடு!"