மூன்று வாளித் தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசி, மாதம் ஆவணி. வயல்களில் சிறுபோக அறுவடை முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் இல்லாததால் சனியோ ஞாயிறோ என்பதுவரை என்னால் சொல்ல முடியும்.

நெடுங்கேணியிலிருந்து ஐயாவின், அதாவது என் அப்பாவின், பழைய காரில் கொக்கிளாய்க்குப் புறப்பட்டோம், சின்னம்மாவைக் கணவர் வீட்டில் விடுவதற்கு. மாப்பிள்ளை சின்னம்மா தானே தேடிக்கொண்டவர். அதனால் அம்மா தன் ஒரே தங்கையோடு நாலு மாதமாகக் கதைப்பதில்லை. முன்னால் இருந்து காட்டையே பார்த்துக்கொண்டு வந்தா. பின்னால் என் பக்கத்தில் சின்னம்மா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தா.

பாதி வழியில், எஞ்சினை மூடியிருந்த பொனற்றுக்குள்ளிருந்து ஆவி சீறியது. ஐயா மரநிழலில் காரை நிறுத்தினார்.

“ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கோவன் ஐயா!” என்றேன்.

“இப்ப திறந்தால் மூஞ்சை அவிஞ்சுபோம். ஆறட்டும்.”

அம்மாவிடம் வாளியை நீட்டினார். “குளம் கிட்டத்தான். இரண்டு பேருமாய்ப் போங்கோ.”

“நான் தனியப் போவன்.”

“யானை நிண்டால்?”

போனார்கள், பத்து முழம் இடைவெளி விட்டு.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேற்றருக்கு வருமாம். அங்கே மெல்லிய குழாய்களில் காற்றுப்பட்டு ஆறி, திரும்பவும் எஞ்சினுக்கே போகுமாம். ஐயா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

அவர்கள் வந்ததும், துணியால் பிடித்து மூடியை மெல்லத் திருகினார். எஞ்சினை ஓடவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றினார். சூடேறின இரும்பில் பச்சைத்தண்ணீரை ஒரேயடியாய் ஊற்றினால் வெடித்துவிடுமாம். அரை வாளி ஊற்றியதுமே ரேடியேற்றரின் வாய்வரை தண்ணீர் வந்துவிட்டது.

“காணாது,” என்றார் ஐயா. “இன்னொரு வாளி.”

அவர்கள் மறைந்ததும் மீதியை மரத்தடியில் ஊற்றினார்.

“ஐயா, அது நிரம்பி…”

“சும்மா இரு பிள்ளை.”

இரண்டாம் முறை ஆட்களுக்கு முன் குரல்கள் வந்தன.

“எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியோடி?”

“சொல்லியிருந்தால் விட்டிருப்பியேக்கா?”

ஐயா ரேடியேற்றருக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னும் ஒண்டு.”

மூன்றாவது வாளியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியிருந்தது. இருவர் கண்களும் சிவந்திருந்தன. அம்மா ஏறியது பின் இருக்கையில். நான் ஐயாவோடு முன்னால்.

ஐயா கேட்ட கணக்குப்படியே அன்று என் கொப்பியில் எழுதினேன்: “ரேடியேற்றருக்கு மூன்று வாளித் தண்ணீர் வேண்டும்.” அளவுகளில் பிழைவிடமாட்டேன் என்ற பெருமை எனக்கு அப்போதே உண்டு.

நான் முதல் கார் வாங்கியபோது அதற்கு அரை வாளியே போதுமாயிருந்தது. கொப்பியைத் தேடி எடுத்தேன். மீதி இரண்டரை வாளியும் எதை ஆற்றியது என்று எழுதத் தெரியாத வயதில் எழுதிய வரி. திருத்தவில்லை.