தோல் பையில் தங்கிய ஈரம்

1. டிரம் கேட்டுப் போனவன்

ராணுவ பேண்டில் டிரம் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். முதல் நாளே கையில் பேக்பைப்பைத் திணித்தார்கள். தோல் பையை அக்குளில் இடுக்கி, வாயால் ஊதி நிரப்பி, முழங்கையால் அமுக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஊது, இல்லாவிட்டால் சமையலறைக்குப் போ என்றார் பேண்டை நடத்தும் பைப் மேஜர். எனக்குச் சமைக்க வராது, அதனால் ஊதினேன்.

சில வருடங்கள் பரேடு மெட்டுகளைக் கடனே என்று வாசித்தேன். ஒரு நாள் பைப் மேஜர் ஒரு ரெக்கார்டைப் போட்டார். ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் செத்தவர்களுக்காக வாசிக்கும் மெட்டு அது. ஒரு குழல் மெதுவாக அழ, சுருதிக்கான ட்ரோன் குழல்கள் அடியில் ஒரே சுரத்தில் நின்றன. எங்கள் ஊர்ச் சாவில் பறையைத்தான் கேட்டிருக்கிறேன், இப்படி அடங்கிய அழுகையைக் கேட்டதில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

2. சவரிமுத்துவின் ஜீப்பு

ஓய்வு பெற்று மலையடிவாரத்து அமிர்திக்குப் பக்கத்தில் வீடு கட்டினேன். வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஷேர் ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறி, கடைசி நிறுத்தத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து வாசிப்பேன். ஜீப்பு ஓட்டுகிற சவரிமுத்துவுக்கு அங்கேதான் வீடு. ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னாணா இது, யாரோ அழுவுற மாதிரி இருக்குது. இன்னொரு தபா ஊது."

அவன் சர்ச் பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். விரல் சீக்கிரம் பழகிவிட்டது. என்னிடமிருந்த பழைய பைப்பை அவனுக்கே கொடுத்துவிட்டேன். போலீஸ் பேண்டில் டிரம் அடித்த ஒருவரும், கேட்பதற்கென்றே வரும் ஒரு வாத்தியாரும் சேர்ந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேரும் பாறைக்குப் போய்விடுவோம். ஜீப்பிலும் சவரி அந்த மெட்டுகளையே போடுவான். சினிமாப் பாட்டு கேட்டவர்களை இறங்கி நடந்து வரச் சொன்னான்.

பையைக் காயவிடாதே, தோல் காய்ந்தால் காற்று ஒழுகும் என்று சொல்லியிருந்தேன். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தேனும் கிளிசரினும் ஊற்றிப் பிசைந்து, ஈரத்தோடு தகரப் பெட்டியில் மூடி வைத்தான். தினமும் ஊதினான்.

3. இருமல்

இரண்டு வருடத்தில் சவரிக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல், மூச்சிரைப்பு. டிபி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கோழி, புறா வளர்க்கிறீர்களா, பஞ்சு மில்லில் வேலை செய்தீர்களா என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா, மூச்சில் எது போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஜீப்பு ஓட்றேங்க. வேற ஒன்னும் இல்லீங்க," என்றான் சவரி.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. பைப் ஊதுவதை நாங்கள் வேலையாக நினைத்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் தேறுவான், வீட்டுக்கு வந்தால் மறுபடி விழுவான். ஊது, நெஞ்சு பலப்படும் என்று புத்தி சொன்னவனும் நான்தான். இப்படி ஒரு வருடம் போனது.

அவன் பைப்பில் காற்று ஒழுகுகிறது என்று ஒரு நாள் குழல்களைக் கழற்றினேன். பைக்குள் சாம்பல் நிறத்தில் பூசணம் அப்பியிருந்தது. அப்படியே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இத்தனை நாளா இதைத்தான் ஊதினாரா? முன்னாடியே ஏங்க சொல்லலை?"

பேண்டில் வாரம் ஒரு நாள் பையைத் திறந்து துடைத்து ஆறப்போட வேண்டும். பைப் மேஜர் கொடுக்கும் தண்டனை என்று திட்டிக்கொண்டே செய்வேன். ஓய்வு பெற்ற பிறகு ஏதோ பேருக்குத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த மெட்டையெல்லாம் சவரிக்குக் கொடுத்தேன், பையைத் துடைப்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பூசணத்தை இழுத்து இழுத்துச் சவரியின் நுரையீரல் தழும்பாகிவிட்டது, இனி திரும்பாது என்றார்கள். ஜீப்பை விற்றுவிட்டான். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. மன்னிப்புக் கேட்கப் போனேன். விட்டு விட்டுப் பேசினான்.

"உன் மேல கோவம் இல்லணா. ஆனா எல்லாரும் என் வூட்டுக்குக் கேக்காத தூரமா போய் ஊதுங்க. கேட்டா எனக்கும் ஊதணும்னு இருக்குது."

இப்போது மூன்று பேரும் மலைப்பாதையில் இன்னும் இரண்டு வளைவு தாண்டிப் போகிறோம். பைப் கற்க வருகிறவர்களுக்கு முதலில் பையைத் திறந்து துடைக்கத்தான் சொல்லித்தருகிறேன், மெட்டெல்லாம் பிறகு. இன்னொன்றும் சொல்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் பிழைப்பை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், ஆசைக்குச் செய்வதையும் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.