ஒரு துண்டுச் சீட்டில் நான் எழுதிய பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குத் தமிழ் எந்த அளவுக்கு வாசிக்க வருகிறது என்று சோதித்துப் பதிவு செய்வது என் வேலை. எழுத்து தெரிகிறதா, சொல் தெரிகிறதா, ஒரு பத்தியைப் படித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா, அவ்வளவுதான்.

வாசிப்பில் பின்தங்கிய ஐந்து பேருக்கு அங்கே தனி வகுப்பு நடந்தது. நடத்தியவர் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் ஆசிரியை, பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். அவருடைய பதிவேட்டில் ஐந்து பேருக்குமே 'பத்தி வாசிக்கிறார், பொருள் சொல்கிறார்' என்று இருந்தது. ஜூன் மாதம் நான் பார்த்தபோது எழுத்துக் கூட்டவே திணறியவர்கள் அவர்கள். ஐந்தே மாதத்தில் எப்படி? பதிவேட்டில் மட்டும் படிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தவள் நான். ஆசிரியை பக்கத்தில் இருந்தால் சாடை காட்டுவார் என்று நினைத்து, அவரை வெளியே இருக்கச் சொன்னேன்.

ஒருவர் தன் ஆட்டைக் காணோம் என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு போகிறார். அந்த ஆடோ அவர் பின்னாலேயே வந்து, தோளில் கிடக்கும் துண்டை மென்றுகொண்டிருக்கிறது. அன்று நான் வைத்திருந்த பத்தி இதுதான். முதல் பிள்ளை "ஆ... டு" என்று நிறுத்தியது. அடுத்ததும் அப்படியே. நான்கு பேரும் அப்படியே.

எழுந்து வெளியே போனேன். "எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சிருக்கலாமேம்மா" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நேத்துகூட நல்லா படிச்சாங்க மேடம். நான் பொய் எழுதலீங்க" என்றார். நான் நம்பவில்லை. 'பதிவேடு உண்மைக்கு மாறானது' என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த ஒரு வரி அவர் வேலைக்கே உலை வைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஐந்தாவதாக வந்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. அவளும் முதல் வரியிலேயே எழுத்து எழுத்தாகத் தடுமாறினாள். ஆனால் அவள் கண் கடைசி வரியில் இருந்தது. வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆடு துண்டை மெல்வது மட்டும் அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு சீட்டைக் கிழித்து, 'உன் சட்டைக் காலரில் எறும்பு ஊர்கிறது' என்று எழுதி அவளிடம் நீட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவள் கை கழுத்துக்குப் போனது. தட்டிவிட்டாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எறும்பு இல்லியே" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "பொய் எழுதிக்கீறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் படிக்காத மாதிரி நடித்தீர்கள் என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு சொன்னாள்.

"எல்லாரும் படிக்கக் கத்துகினா இந்த கிளாஸே தேவ இல்லன்னு சொன்னாங்க. அப்போ மிஸ்ஸு போய்டுவாங்க இல்ல?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான். போன வாட்டி வந்தப்போ."

சொல்லியிருக்கிறேன். உற்சாகப்படுத்துவதாக நினைத்து, சிரித்துக்கொண்டே சொன்னது. ஜீப் ஏறும்போதே மறந்திருப்பேன்.

மறுபடி படிக்கச் சொன்னேன். எங்கும் நிற்காமல் படித்து முடித்தாள். "ஆடு பின்னாலேயே வர்றது அவருக்கு ஏன் தெரியலை?" என்று கேட்டேன். பத்தியில் அதற்கு விடை கிடையாது.

"தெரியும். தெரிஞ்சேதான் தேடறாரு. வூட்டுக்குப் போனா வேல செய்யணும் இல்ல?"

ஆசிரியையை உள்ளே அழைத்து, அந்த ஐந்து பேருக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க மேடம்" என்றார். ஆனால் ஜீப் வரும்வரை என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நோட்டில் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தேன். ஐந்து பேரும் வாசிக்கிறார்கள் என்று உள்ளபடி எழுதினேன். படித்ததைப் பற்றி யோசிக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள், இந்த வகுப்பு தொடர வேண்டும் என்றும் சேர்த்தேன். ஏப்ரல் வரை வகுப்பு நடந்தது. அடுத்த ஜூனில் அந்த ஆசிரியை அங்கே இல்லை. நான் எழுதியதை யாராவது படித்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இப்போதும் ஒரு பிள்ளை என் முன்னால் நின்று திணறும்போது, 'வாசிக்க வரவில்லை' என்று உடனே என்னால் எழுத முடிவதில்லை. நான் அப்படி எழுதினால் தன்னிடமிருந்து எது போகும், எது தங்கும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்குமோ என்று தோன்றி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதனிடம் பேசத் தொடங்குகிறேன்.