மனுவார் வீட்டு ஹீற்றிங் கொப்பி

அந்த வீடு பழசாகி, பனி தாங்கேலாமல் விழுந்தது எண்டு ஊர்ச்சபைக் கடிதத்தில எழுதிக் கிடக்கு. பச்சைப் பொய். அதை விழுத்தின ஆள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு காரில திரியிறார். அவருக்குக் கை குடுத்த ஆள் நான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போற வழியில, தண்ணிக்கரையில நிண்ட கல்வீடு அது. ஒரு பக்கம் கூர்க்கோபுரம், நீட்டு நீட்டு யன்னல், கறுத்தக் கல்லுத்தகட்டுக் கூரை. ஊர்ச்சனம் ‘மனுவார்’ எண்டுதான் சொல்லும். பிரபுவின்ர வீடு எண்டு அர்த்தம். நான் இருக்கிற ரொக்ஸ்பரோவில இருந்து ரெண்டு பஸ் பிடிச்சுப் போய், ஒம்பது வருசம் அதைக் கூட்டித் துடைச்சனான்.

அதில தனிய இருந்தது ஒரு வயசுபோன மதாம். கலியாணம் முடிக்காத மனிசி. அவவின்ர பூட்டன் மரவியாபாரி. பிரான்சுக்குப் போன இடத்தில, மறுமலர்ச்சிக் காலத்துக் கிராமத்துப் பிரபு வீடொண்டு ஆருமில்லாமல் இடிஞ்சு கிடந்ததைக் கண்டாராம். ஆசைப்பட்டுத் திரும்பி வந்து அதே மாதிரி இஞ்ச ஒண்டு கட்டிப்போட்டார். வீடு அதைப் பாத்துக் கட்டினதுதான், ஆனா சாப்பாட்டறைச் சுவரில இருந்த பயர்பிளேஸ், விறகெரிச்சுக் குளிர்காயிற கல்லடுப்பு, அது அசல். கல்லுக் கல்லா நம்பர் வெட்டி, கழட்டி, கப்பலில ஏத்திக்கொண்டு வந்தது. நான் வேலைக்குப் போன முதல் கிழமை, ஊத்தை எண்டு நினைச்சுப் பிரஷால ஒரு கல்லை உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினன். ‘நோன், நோன்!’ எண்டு மதாம் பொல்லோட ஓடி வந்தா. நான் உரஞ்சினது பதினேழாம் நம்பர். பேந்து ரெண்டுபேரும் இருந்து வயிறு நோகச் சிரிச்சம்.

அப்பவே வீடு நல்லா இருந்தது எண்டு நான் சொல்லமாட்டன். மேல்மாடி ஒழுக்கு. மழை பெஞ்சால் நான் செய்யிற முதல் வேலை ஒழுக்குக்கு வைச்ச வாளியளை ஊத்துறது. கோபுரத்துக்குள்ள புறாக் குடியிருந்தது. மதாம் கீழ ரெண்டு அறையை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்சத்தைப் பூட்டிப்போட்டா. எண்டாலும் கீழ ஹீற்றிங் ஓடிச்சுது, அடுப்பில சூப் கொதிச்சுது, சுவர் காய்ஞ்சு இருந்தது.

மதாம் செத்தாப்பிறகு வீடு அவவின்ர தமையன்ர மகனுக்குப் போச்சு. எங்கட முறையில மருமோன். அவருக்கு வீடு தேவையில்லை, காணிதான் தேவை. ஆனா அது பழங்காலத்துக் கட்டடம் எண்டு பட்டியலில இருக்கிறபடியால் இடிக்க ஏலாது. பக்கத்து வீட்டில ஒரு ரீச்சர் இருந்தா, பென்சன் எடுத்த பிரெஞ்சு மனிசி. அவவும் ஊர்ச்சனம் கொஞ்சப்பேரும் சேந்து, வீட்டை வாங்கித் தாங்கோ, திருத்தி நூல்நிலையம் ஆக்கிறம் எண்டு சபையைக் கேட்டவை. வசந்தத்தில முடிவு சொல்லுறம் எண்டு சபை சொல்லிச்சுது. ஒரேயொரு விண்ரர், ஒரு பனிக்காலம். அதுவரைக்கும் வீடு நிண்டால் காணும்.

மருமோன் என்னைக் கூப்பிட்டுத் கதவுத் திறப்பையும் எழுதுற கொப்பி ஒண்டையும் தந்தார். ஆளில்லாத வீட்டை ஆரும் போய்ப் பாக்கவேணும் எண்டது இன்சூரன்ஸ்காரற்ற சட்டமாம். கிழமையில மூண்டு நாள் போகவேணும். திகதி, ஹீற்றிங், தண்ணி, கையெழுத்து. அவ்வளவுதான். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம். பார்க் எக்ஸ்டென்ஷனில மரக்கறி வாங்கேக்க கடைக்காரத் தம்பியிட்டையும் சொன்னன். ‘அப்ப அக்கா இனிச் சீமாட்டி, முருங்கைக்காயை ஆள் விட்டு வாங்குங்கோ’ எண்டான். வாய்க்கொழுப்பு. ஆனா அண்டைக்கு அது எனக்கு இனிச்சது.

நவம்பரில ஒருநாள் கதவைத் திறந்தால் சாப்பாட்டறையில பயர்பிளேஸ் இல்லை. சுவரில பெரிய பொத்தல், அதுக்குமேல பிளாஸ்ரிக் சீலை அடிச்சுக் கிடக்கு. ஐயோ, கள்ளர் எண்டு பதறி மருமோனுக்குப் போன் எடுத்தன். ‘திருத்தக் கொண்டு போயிருக்கு மதாம், பயப்பிடாதேங்கோ’ எண்டார். நான் ‘ஓகே, மெர்சி’ எண்டு நன்றியும் சொல்லிப் போனை வைச்சன். மெர்சியாம்! என்ர வாயில அடிக்கவேணும்.

ஏனெண்டால் எனக்குத் தெரியாத கதையே அது? யாழ்ப்பாணத்தில எங்கட வீடு இருபது வருசம் ஆமிக்காரற்ற எல்லைக்குள்ள கிடந்தது. போய்ப் பாருங்கோ எண்டு விட்டநேரம் கதவில்லை, நிலையில்லை, யன்னலில்லை, ஓடில்லை. குசினிக்குள்ள வேம்பு நிண்டது. ஒரு வீட்டில நிலையைக் கழட்டுறவன், அதில இனி ஆரும் இருக்கக்கூடாது எண்டு முடிவெடுத்தவன். எங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் அது விளங்கும். அதைப் பாத்துக் குழறின நான், இஞ்ச நம்பர் நம்பராக் கழட்டிக்கொண்டு போனதைப் பாத்திட்டு, நிலத்தில கிடந்த சாந்துத்தூளைக் கூட்டி அள்ளிப்போட்டு வந்தன். வெள்ளைக்காரன் அப்பிடிச் செய்யமாட்டான் எண்டு ஒரு நினைப்பு. விசர் நினைப்பு.

ஜனவரியில உள்ளுக்குப் போனால் வெளியை விடக் குளிர். என்ர மூச்சு எனக்கு முன்னால புகையாப் போகுது. பேஸ்மென்ருக்குள்ள இறங்கிப் பாத்தன், ஹீற்றிங்குக்கு எரிக்கிற எண்ணெய்த் தாங்கியின்ர அளவுமுள்ளு அடியில கிடக்கு. போன் எடுத்தன். ‘நாளைக்கு எண்ணெய் லொறி வரும். நீங்கள் வழமைபோல எழுதுங்கோ, இல்லாட்டி இன்சூரன்ஸ்காரர் கரைச்சல் தருவினம்’ எண்டார். ‘ஹீற்றிங் – ஓகே’ எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சன். அடுத்தமுறையும் நாளைக்கு. அதுக்கடுத்த முறையும் நாளைக்கு. கையுறையைக் கழட்டிப்போட்டு, விறைச்ச விரலால, குளிர் வீட்டுக்குள்ள நிண்டு ‘ஓகே’ எண்டு எழுதினன்.

ஏன் எழுதினனீ எண்டு கேக்கிறியள். நாங்கள் இந்த நாட்டுக்குள்ள வந்ததே நீட்டின பேப்பரில எல்லாம் கையெழுத்து வைச்சுத்தான். எயார்போட்டில வைச்சம், வக்கீலிட்ட வைச்சம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேக்கேக்க வைச்சம். என்ன எழுதியிருக்கு எண்டு ஆர் கேட்டது? கேட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். பாஸ்போட் வந்தாப்பிறகும் அந்தப் பயம் என்ர கையை விட்டுப் போகேல்லை.

தண்ணி உறைஞ்சு பைப் வெடிச்சுது. படியெல்லாம் தண்ணி ஓடி அப்பிடியே ஐஸாகி நிண்டது. சுவருக்குள்ள இறங்கின தண்ணி உறைஞ்சு கல்லைத் தள்ளிச்சுது. மார்ச்சில பனி கரைய, கோபுரப்பக்கச் சுவர் வயிறு தள்ளி, கூரையோட உள்ளுக்கு விழுந்தது. நான் பஸ்ஸால இறங்கிப் பாத்துக்கொண்டு அப்பிடியே றோட்டில இருந்திட்டன்.

மிச்சத்தை எண்டாலும் காப்பாத்தலாம் எண்டு ரீச்சர் விடேல்லை. இடிக்க அனுமதி கேட்டு மருமோன் போட்ட மனு விசாரணைக்கு வர, ‘நீங்கள் வந்து உண்மையைச் சொல்லுங்கோ, அது காணும்’ எண்டு என்ர கையைப் பிடிச்சா. ஓம் எண்டன். வீடு குளிராக் கிடந்தது, எண்ணெய் இல்லை எண்ட ரெண்டு வசனத்தையும் பிரெஞ்சில பஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிக்கொண்டு போனன்.

மண்டபத்தில மருமோன்ர வக்கீல் முதல் எழும்பினார். கையில என்ர கொப்பி. ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக் காட்டினார். ஓகே, ஓகே, ஓகே. வீட்டுக்காரர் கடைசிவரை கவனிச்சவர், வீடுதான் தாங்கேல்லை எண்டார். பேந்து என்னைக் கூப்பிட்டினம். ரெண்டு வசனத்தையும் நடுங்காமல் சொன்னன். தலைவராயிருந்த மனிசி மரியாதையாத்தான் கேட்டா:

‘அப்ப ஏன் மதாம் ஓகே எண்டு எழுதினீங்கள்?’

எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அதோட முடிஞ்சுது. ‘அவர் சொன்னவர்’ எண்டன். மருமோன் என்னைப் பாத்துப் பாவம் எண்ட மாதிரித் தலையாட்டினார். ரீச்சர் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தா.

கதவடியில சபையில வேலை செய்யிற ஒரு பொம்பிளைப்பிள்ளை, நான் சொன்னதை ரைப் பண்ணின பேப்பரை நீட்டினாள். வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ மதாம் எண்டாள். பின்னால ஆக்கள் நிக்கினம், பேனையும் நீட்டிப்போட்டாள். வைச்சன். அவ்வளவும் நடந்தாப்பிறகும், வாசிக்காமல் வைச்சன்.

இடிக்கச் சபை அனுமதி குடுத்திட்டுது. இப்ப அந்த இடத்தில கம்பிவேலி. பயர்பிளேஸ் மருமோன்ர வாவிக்கரை வீட்டில, நம்பர் பிசகாமல் நிக்குதாம். ரீச்சர் என்னோட கதைக்கிறேல்லை.

விசாரணை நடந்த அண்டைக்குப் பின்னேரம் மகள் அந்தப் பேப்பரின்ர பிரதியை எடுத்து வாசிச்சாள். ‘அம்மா, இதில என்ன இருக்கெண்டு தெரியுமே? கொப்பியில இருக்கிற கையெழுத்தெல்லாம் உங்கட எண்டு ஒத்துக்கொள்ளுறியளாம். வேற சொல்ல ஒண்டும் இல்லையாம்.’

வேற சொல்ல ஒண்டும் இல்லையாம். எனக்கு!