ஏகாம்பரத்தின் மதிய மாத்திரை

மூவுலகிலும் ஒருவர்கூட நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். முப்பது வருடம் விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் கண்டக்டராக இருந்தவன் நான். சில்லறை இல்லை என்று சொல்லிச் சொல்லி, நம்பாத முகங்களைப் பார்த்துப் பழகியவன்.

போன வெள்ளிக்கிழமை காலை விழுப்புரம் கடைத்தெருவில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்த ஏகாம்பரத்தின் மகள். "மாமா, அப்பா போய்ட்டாருங்க" என்றாள். பொட்டலத்தைக் கடைக்காரர் கையிலேயே திணித்துவிட்டு வண்டி ஏறினேன்.

துக்க வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டு ஒரு நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. "நல்ல மனுசன்தான். சீக்கு வந்தப்புறம் கொணம் கெட்டுப்பூடுச்சு. பொண்டாட்டி மேலயே தட்டை வீசினாராமே." இன்னொருவர் உச்சுக்கொட்டி, "உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு, வேற இன்னா" என்றார். பிணத்துக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் மனிதனை இப்படி உரித்துத் தொங்கவிடுகிற வாய்களை எந்தப் பினாயில் ஊற்றிக் கழுவுவது?

ஏகாம்பரத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் விசிலை வாயில் வைத்தால் மேம்பாலத்தின் மேல் போகிற லாரி கீழே இறங்கி வணக்கம் வைத்துவிட்டுப் போகும். சூரியனே ஒருநாள் இரண்டு நிமிடம் தாமதமாக வந்து அவரிடம் கையெழுத்துப் போட்டதாகக் கேள்வி. ஆனால் தாமதமாக வந்த டிரைவரை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. "வண்டியைத் திட்டாதய்யா கண்டக்டரே, எந்த ஸ்டாப்புல லேட்டாச்சுன்னு கேளு" என்பார்.

ஓய்வு பெற்ற மறு வருடமே குடலில் புற்றுநோய் என்றார்கள். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, கீமோ. முதல் ஊசி போட்டதும் உறவினர் படை புறப்பட்டது. ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிள். அந்த ஆப்பிளையெல்லாம் அடுக்கியிருந்தால் செஞ்சிக் கோட்டை குட்டையாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் அழுதுவிட்டு, "நீங்க பாசிட்டிவ்வா இருக்கணும்ங்க" என்று அவருக்கே உத்தரவு போட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு வாயில் கசப்பு ஊறுகிறது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்தத் தட்டு பறந்தது. கிளியனூரைத் தாண்டிக் கடலில் விழுந்ததாக நான் ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் அது சமையலறை வாசலில் விழுந்தது. இட்லி ஆறிவிட்டது என்பதுதான் குற்றம். அவர் மனைவி லோகநாயகிக்கு அடிபடவில்லை. அடிபட்டிருந்தால் தேவலை என்பதுபோல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் போனபோது அவர் மருத்துவமனைக் காகிதங்களைக் கட்டிப் பரணில் போட்டிருந்தார்.

"இன்னும் நாலு ஊசி இருக்குதேண்ணே" என்றேன்.

"வேணாம்யா. மூணு நாளா தூக்கமில்ல. உள்ள யாரோ உக்காந்துக்கினு கத்துறான். லோகாவை அழவெச்சிக்கினு நான் உசுரோட இருந்து இன்னா பண்ணப்போறேன்?"

கதவோரத்திலிருந்து லோகநாயகி சொன்னாள்: "தட்டு போனா போவுது. எவர்சில்வர்தான, உடையாது. நீ போய்ட்டா நான் யாரைத் திட்டுறது?"

அவர் பஸ்ஸுக்குப் பஸ் நேரம் குறிக்கிற பழைய வழித்தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் கோடு போட்டார். இரண்டு ஊசிக்கும் சேர்த்து, என்றைக்குச் சாப்பிட்டார், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது தூங்கவில்லை, எப்போது கத்தினார், எப்போது காரணமில்லாமல் அழுதார் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதினார். விட்டுப்போனதை லோகநாயகி சொன்னாள். எழுதி முடித்ததும் ஒரு நேரத்தின் மேல் விரலை வைத்தார். இரவு ஒன்பது, மாத்திரை போட்ட நேரம். "இந்த ஸ்டாப்புலதான்யா லேட்டாவுது."

மறுநாளே மூவரும் விழுப்புரம் போனோம். டாக்டரம்மா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். வாந்தி வராமலிருக்க ஊசியன்றும் அடுத்த இரண்டு நாளும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தையும் அழுகையையும் கிளப்பிவிடும் என்றார். "அதனாலதான் காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணுன்னு எழுதினேன். மதிய மாத்திரையை நைட்டுக்கு மாத்தினது யாரு?"

"நான்தாங்க. எனக்கே தோணுச்சு" என்றார் ஏகாம்பரம்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மாத்திரையை மதியத்துக்கே திருப்பி, அளவையும் சற்றுக் குறைத்தார். "நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, மாத்தவும் கூடாது. மனசுக்குத் தாங்கலைன்னா அன்னைக்கே போன் பண்ணுங்க, வாந்தி வந்தா சொல்ற மாதிரியே இதையும் சொல்லணும்" என்றார். அதன் பிறகும் எரிச்சல் அடியோடு போய்விடவில்லை. ஆனால் தூங்கினார். கோபம் வருகிற நாள் தெரிந்ததால் அன்றைக்கு "இன்னைக்கு என்கிட்ட பேசாத லோகா, மாத்திரை பேசும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மிச்சமிருந்த நாலு ஊசியையும் முடித்தார். நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோக இன்னும் மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் அவர் மகள் கல்யாணத்துக்கு அவரே நின்று பந்தி பரிமாறினார்.

லாரி வணக்கம் வைத்ததும், சூரியன் கையெழுத்துப் போட்டதும் பொய். தட்டு கடலுக்குப் போனதும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று. இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டு வேளையில் ராகு காலம், அந்த நேரத்தில் மருந்து சாப்பிட்டால் விஷமாகும், ராத்திரிக்கு மாற்றிக்கொள் என்று டீக்கடையில் அவரிடம் ஓதிய மகாபண்டிதன் நான்தான். பந்தலில் பேசிய வாய்களைவிட என் வாய்க்குத்தான் அதிகப் பினாயில் வேண்டும்.

லோகா, அன்றைக்கு டாக்டரம்மாவிடமிருந்து திரும்பும் பஸ்ஸில், மாத்திரையை மாற்றியதற்காக மயிலம் தாண்டியும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாய். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். முன் சீட்டில் இருந்த நானும் உண்மையைச் சொல்லவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் வாங்கிக்கொண்ட அந்தத் திட்டுதான். அது என்னுடையது, என்னிடமே இருக்கட்டும்.