அத்தா கீறிய கண்ணாடி

"வெயிலில் ஏழு நிமிடம்" என்று அத்தாவின் குறிப்பேட்டில் இருக்கிறது. தேதி இல்லை. அக்காவின் நிக்காஹ்வை வைத்து 1965 என்று கணிக்கிறேன். பேரன் இன்று புற ஊதா விளக்கில் மின்சுற்று அட்டை செய்தபோது எழுந்த திராவக நெடிதான் அதைத் தேட வைத்தது.

புகுந்த வீட்டுக்குப் போகும் அக்காவுக்கு ரேடியோ செய்து தருவதாக அத்தா சொல்லியிருந்தார். செம்பு ஒட்டிய அட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வச்சிரப் பசையில், தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு உப்பைக் கலந்து அதன்மேல் பூசினார். மை தடவிய கண்ணாடியில் மின்சாரம் ஓடும் தடங்களைக் கீறி, அட்டைமேல் வைத்து வெயிலில் காட்டினார். கீறல் வழியே வெயில் பட்ட இடத்தில் மட்டும் பசை இறுகியது; மிச்சப் பசையைக் கழுவிவிட்டு, வேண்டாத செம்பு கரைய அட்டையைத் திராவகத்தில் போட்டார். திராவகத்திலிருந்து எடுத்த பிறகுதான் தெரிந்தது, தடங்கள் இடவலம் மாறியிருந்தன. பின்பக்கம் மாட்டிய டிரான்சிஸ்டரின் கால்கள் எதிலும் பொருந்தவில்லை.

"தோலுக்கு முத்திரை வெட்டுற கையாச்சே, எதையும் திருப்பித்தான் கீறும்" என்று அம்மா சிரித்தார்.

"நாளைக்குப் புள்ள கெளம்புது. சிரிக்கிறியே!"

"அதுக்கென்னங்க, சாமானையெல்லாம் செம்புப் பக்கமே வச்சு ஈயம் ஊத்துங்க."

அத்தா அப்படியே செய்தார். அக்கா கிளம்பும்வரை ரேடியோ வெறுமனே கரகரத்தது; அப்படியே எடுத்துப் போனாள்.

மறுவாரம் அக்காவின் கடிதம் வந்தது: "திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்கிறது, அத்தா." அத்தா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தார். ரேடியோ பாடியதா, அவர் மனம் நோகக் கூடாதென்று அக்கா எழுதினாளா என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை.