பத்து வாக்கியத்திலும் ஆபேல்

என் மனைவி திரிபுரசுந்தரியைப் பற்றிச் சொல்வதென்றால் ஸ்பானிஷிலிருந்துதான் தொடங்க வேண்டும். முப்பது வருஷம் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பெண் ஸ்பெயின்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர ஒன்றும் தெரியாது. "அவாகிட்ட நாலு வார்த்தை பேச வேண்டாமா?" என்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் இவள் போய்ச் சேர்ந்தாள்.

அங்கேதான் இந்த ஆபேல். பம்மலில் தோல் கம்பெனி மேனேஜர், ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களோடு பேசுவதற்காகப் படிக்கிறானாம். படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வகுப்பு முடிந்ததும் இவளைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவானேன்? தலையில் ஒரு நரை கிடையாது. "ஆபேலுக்கு என்னமா உச்சரிப்பு வரது தெரியுமா!" என்று இவள் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், ஒளிப்பானேன்.

போன வாரப் பாடம் உணர்ச்சி வினைகள். சாதம் போட்டுக்கொண்டே எனக்கும் விளக்கினாள். "மனசு ஒருத்தருது, காரியம் இன்னொருத்தருதுன்னா, பின்னால வர வினை உருவமே மாறிடும். நடுவுல ஒட்டற சொல்லும் வேற வேற. சந்தோஷப்பட்டா 'தே', கவலைப்பட்டா 'போர்', கோவிச்சுண்டா 'கோன்'."

இத்தனை உணர்ச்சிக்கு எங்கள் வீட்டில் இடம் ஏது? "உப்பு போறுமா?", "மாத்திரை போட்டேளா?" இவ்வளவுதான் எங்கள் முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டுப்பாட நோட்டு சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. பென்சிலில் பத்து வாக்கியங்கள். பத்திலும் ஆபேல்! செல்போனைக் காட்டித் தமிழாக்கிப் படித்தேன்.

"ஆபேல் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்."

அடிப்பாவி!

"ஆபேல் மாத்திரையை மறந்துவிடுவாரோ என்று கவலைப்படுகிறேன்."

எனக்குக் காலையில் ஒரு "போட்டேளா?", அந்தத் தடியனுக்கு மட்டும் முழு வாக்கியமா? ஆத்திரத்தில் காலை மாத்திரையைப் போடாமலே விட்டேன்.

ஏழாவது: "ஆபேல் பல்லாவரம் சந்தையில் ஓடாத கடிகாரங்களை வாங்கிவருவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் சுமந்துவந்த நாலு கடிகாரங்கள். நாலும் ஓடவில்லை.

அவள் துளசியும் கையுமாக உள்ளே வந்தாள். நோட்டை நீட்டினேன்.

"இதெல்லாம் நானா?"

"பின்னே யாராம்?"

"அப்புறம் ஏன் ஆபேல்னு எழுதினே?"

"வாயால சொல்லாத பேரைக் கையால மட்டும் எழுதலாமா? வகுப்புல பக்கத்துல உட்கார்றவர், பேரும் சின்னதா இருந்தது, போட்டேன். ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மாத்திரை போட்டேளா?"

எனக்காகப் பட்ட கவலைகூட அவன் பேரில் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அழிச்சுட்டு என் பேரை எழுது."

"நன்னாயிருக்கே! வேணும்னா நீங்களே எழுதிக்கோங்கோ" என்று ரப்பரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

உட்கார்ந்து ஒவ்வொரு ஆபேலாக அழித்தேன். அந்த இடத்தில் அனந்தகிருஷ்ணன் எங்கே கொள்ளும்? நுணுக்கி நுணுக்கி எழுதினேன். ஒன்பது முடிந்தது. பத்தாவதை அப்போதுதான் படித்தேன்.

"ஆபேல் எனக்கு முன்னால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது."

ரப்பரை வைத்துவிட்டேன். எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் ஆபேலே இருந்துவிட்டுப் போகட்டும்.